பழைய பம்பு விற்பனைக்கு! அதன் வரலாறு எங்கே?

சென்னைப் புதுப்பேட்டைப் பக்கம் போயிருக்கிறீர்களா? கழற்றிய கார்களின் கதவு, விளக்கு, கியர் பெட்டி, ரேடியேட்டர் எல்லாம் அங்கே கடை வாசல்களில் குவிந்து கிடக்கும். அந்தக் குவியலில் கையடக்கமான ஓர் அலுமினிய உறுப்பும் இருக்கலாம். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வைத்தால் புதிது போலவே பளபளக்கும். அதுதான் எஞ்சினின் எண்ணெய் பம்பு.

பழைய கார்க் கதவை விற்பதும், டர்போ பொருத்திய காரின் பழைய எண்ணெய் பம்பை விற்பதும் ஒன்றுதானா? ஒன்றல்ல என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை வீணாகத்தானே போகிறது? அதைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அச்சக்கரத்தின் தண்டிலேயே இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பினால் என்ன? சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி இந்த எண்ணத்துக்குக் காப்புரிமை கோரி 1905ஆம் ஆண்டில் விண்ணப்பித்தார். 1962இல் அமெரிக்காவில் டர்போ பொருத்திய கார்கள் விற்பனைக்கு வந்தன. இன்று நம் சாலைகளில் ஓடும் டீசல் கார்களில் பெரும்பாலானவை டர்போ பொருத்தியவையே.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 1,50,000 சுற்றுகள் வரை சுழலக்கூடும். அதாவது நொடிக்கு 2,500 சுற்று! உங்கள் வீட்டு மின்விசிறி முழு வேகத்தில் நொடிக்கு ஆறேழு முறைதான் சுற்றுகிறது. அது மட்டுமல்ல. பெட்ரோல் எஞ்சினில் டர்போவின் ஒரு பக்கத்தைத் தாக்கும் புகையின் வெப்பம் 900 டிகிரி செல்சியசைக்கூடத் தாண்டும். இந்நிலையில் உலோகமும் உலோகமும் உரசினால் என்ன ஆகும்? உரசாமல் காப்பது தலைமயிரைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றுதான். அந்த எண்ணெயை இடைவிடாமல் அனுப்புவது நாம் பேசும் பம்பு. தாங்கியிலிருந்து வெப்பத்தை அள்ளிச் செல்வதும் அதே எண்ணெய்தான்.

பம்பின் உள்ளே ஒரு பல்சக்கரம் இன்னொன்றுக்குள் அமர்ந்து சுழல்கிறது. பற்களுக்கிடையே சிக்கும் எண்ணெய் பிழியப்பட்டு முன்னே தள்ளப்படுகிறது. சக்கரங்களுக்கும் உறைக்கும் உள்ள இடைவெளி மிகச் சிறியது. நாளடைவில் தேய்மானத்தால் அது பெருகும். தள்ளிய எண்ணெயில் ஒரு பகுதி அதன் வழியே பின்னுக்குக் கசியும்.

இங்கே ஓர் இயற்பியல் விதியைக் கவனியுங்கள். குறுகிய இடைவெளியில் நடக்கும் கசிவு அந்த இடைவெளியின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இடைவெளி இரு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு! ஒரு மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கு தேய்மானத்தை எந்தக் கண் கண்டுபிடிக்கும்?

"காரில் இருந்தபோது அழுத்தம் சரியாகத்தான் இருந்தது" என்று விற்பவர் சொல்லலாம். அவர் பொய் சொல்லவில்லை என்றே கொள்வோம். ஆனால் காலையில் குளிர்ந்த எஞ்சினில் எண்ணெய் கெட்டியாக இருக்கும், கசிவு குறைவு, அழுத்தமானி நல்ல எண்ணையே காட்டும். எஞ்சின் நன்றாகச் சூடேறி, எண்ணெய் நீர்த்து, வண்டி சிக்னலில் மெதுவாக உறுமிக்கொண்டு நிற்கும்போதுதான் பம்பின் உண்மை வெளிப்படும்.

இன்னொன்றும் உண்டு. எண்ணெய் வடிகட்டி பம்புக்குப் பின்னால்தான் இருக்கிறது. பம்புக்கு முன்னே இருப்பது வெறும் வலை. எஞ்சினில் ஏதாவது ஒரு தாங்கி உடைந்தால், அதன் உலோகத் துகள்கள் முதலில் பம்பைத்தான் கீறிச் செல்லும். ஆகவே இந்தப் பம்பு ஏன் கழற்றப்பட்டது என்பதே முதல் கேள்வி. விபத்தில் நசுங்கிய காரின் நல்ல எஞ்சினிலிருந்து வந்ததா, எண்ணெய் வற்றி இறுகிப்போன எஞ்சினிலிருந்து வந்ததா? இதை அறிந்தவர் விற்பவர் ஒருவரே.

ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலறிஞர் 1970இல் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வாங்குபவரால் நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியாவிட்டால், அவர் எதற்கும் நடுத்தர விலைதான் தருவார். அந்த விலைக்கு நல்ல பொருளை வைத்திருப்பவர் விற்க மாட்டார். முடிவில் சந்தையில் மிஞ்சுவது மட்டமான சரக்கே! இதுபோன்ற ஆய்வுகளுக்காக 2001இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உண்மையை மறைப்பவர் ஒரு வாடிக்கையாளரை மட்டும் ஏமாற்றவில்லை. நேர்மையான கடைக்காரரின் பிழைப்பையும் கெடுக்கிறார்.

"விலை மலிவு, வாங்குபவர்தான் பார்த்து வாங்க வேண்டும்" என்பார்கள். கத்தரிக்காய்க்கு அது பொருந்தும். பம்போ விலையில் சிறியது, விளைவில் பெரியது. அது தவறினால் டர்போ போகும். பிறகு எஞ்சினே போகும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகையில் எஞ்சின் இறுகினால் உயிருக்கே ஆபத்து.

அப்படியானால் பழைய உறுப்புகளை விற்கவே கூடாதா? அப்படி நான் சொல்லவில்லை. நல்ல உறுப்பை மீண்டும் பயன்படுத்துவது உலோகத்தையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்தும். ஆனால் ஒவ்வொரு பம்போடும் ஒரு சீட்டு இருக்க வேண்டும். எந்தக் காரிலிருந்து, எத்தனை கிலோமீட்டர் ஓடியபின், எதற்காகக் கழற்றப்பட்டது. உள்ளே இடைவெளி எவ்வளவு என்பவை அதில் இருக்கட்டும். மெக்கானிக்குகள் ஃபீலர் கேஜ் என்று சொல்லும் மெல்லிய தகடுகளைக் கொண்டு சில நிமிடங்களில் அளந்துவிடலாம். தயாரிப்பாளர் விதித்த எல்லையைத் தாண்டியதையும், இறுகிய எஞ்சினிலிருந்து வந்ததையும் உருக்காலைக்கு அனுப்புவதே முறை.

மாணவ நண்பர்களே, நாளை நீங்கள் உங்கள் பழைய சைக்கிளை ஒரு தம்பிக்கு விற்கக்கூடும். பிரேக் கட்டை தேய்ந்திருப்பது உங்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. சொல்லிவிட்டு விற்பீர்களா, துடைத்துவிட்டு விற்பீர்களா?