கமக்காரனுக்கு அறிவு கூட்டேலாதாம்

"விளையாட்டுக்குள்ள அரசியலைக் கொண்டு வராதேங்கோ." டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுற ஆக்களோட கதைச்சால் பத்து நிமிசத்துக்குள்ள இந்த வசனம் வந்திடும். பருத்தித்துறையில இதை விளையாடுறது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆக்கள். அதுக்குள்ளயும் வந்திடும்.

அப்ப அரசியலைக் கொண்டு வந்தது ஆர்? விதிப்புத்தகத்தைத் திறந்து பாருங்கோ. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட முதல் விதிகளிலயே ஹாபிட் நாலாம் படியோட நிக்கவேணும், மனிசருக்கு அந்தத் தடை இல்லை. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில பாதி ஓர்க்காப் பிறந்தால் அறிவில ரெண்டு புள்ளி வெட்டு. இதுக்கெல்லாம் 'ரேஸ்' எண்டு பேர். தமிழில 'இனம்' எண்டு எழுதிப் பாருங்கோ. இந்த மண்ணில அந்தச் சொல்லை விளையாட்டுத் தாளில எழுதேக்க கை ஒருக்கா நிக்கும்.

2024இல் புதுப் புத்தகம் வந்தது. 'ரேஸ்' போய் 'ஸ்பீஷீஸ்' ஆச்சு, பிறப்பால வாற புள்ளிகளும் போச்சு. எங்கட கூட்டாளிகள் கொண்டாடிச்சினம். ஆனா அந்தப் புள்ளிகள் எங்க போனதெண்டு ஆரும் தேடேல்லை. 'பாக்கிரவுண்ட்' எண்ட பின்னணிக்குள்ள போய் இருக்கு. கமக்காரப் பின்னணி எடுத்தால் மேலதிகமாக் கிடைக்கிற மூண்டு புள்ளியையும் பலம், உடலுறுதி, விவேகம் எண்ட மூண்டுக்குள்ளதான் போடலாம். பிரபுவுக்குப் பலம், அறிவு, கவர்ச்சி. கடலோடிக்குப் பலம், லாவகம், விவேகம். அறிவு இல்லை.

பிறப்பை எடுத்துப்போட்டுத் தொழிலை வைச்சிருக்கினம். யாழ்ப்பாணத்தில வளர்ந்த ஆருக்கும் இந்த வித்தை புதுசில்லை. தொழிலின்ர பேரால பிறப்பைச் சொல்லுறதுதானே எங்கட ஊர்ச் சாதி. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில மறிபட்ட சனமும் மறிச்ச சனமும் ஒரே இனம்தான்.

கடலோடியை எடுப்பம். இங்கயிருந்து கரையோரமா மேற்கால போனால் வல்வெட்டித்துறை. அங்க கட்டின அன்னபூரணி எண்ட பாய்க்கப்பல் 1938இல் அத்திலாந்திக்கைத் தாண்டி அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஓட்டிக்கொண்டு போனதும் அந்த ஊர்த் தண்டையலும் அவரின்ர ஆக்களும்தான். வெள்ளி பார்த்துத் திசை பிடிக்கிறதும், காத்துக்கேற்பப் பாய் மாத்துறதும், மரத்தைப் பார்த்தே கப்பலின்ர கணக்குப் போடுறதும் அறிவில்லையெண்டால் வேற எது அறிவு? பிரபு சீட்டாடுறதோ?

"முதல் புள்ளியில கூடினதை அறிவுக்கே போடலாமே" எண்டு ஒரு நண்பர் சொன்னார். போடலாம். ஆனா அதே புள்ளியோட தொடங்கிற பிரபு எப்பவும் ஒரு படி மேல நிப்பான். இன்னொருத்தர், ஆட்டம் நடத்துறவருக்கான புத்தகத்தில புதுப் பின்னணி உருவாக்க வழியிருக்கெண்டார். அது உண்மை. ஆனா அதுக்கு நடத்துறவர் ஓம் எண்டு சொல்லவேணும். அனுமதி கேட்டு உள்ள போறதைப் பற்றி எங்கட ஊருக்கும் கொஞ்சம் தெரியும்.

இதுக்குள்ள, சோழர் காலத்தில ஒரு ஆட்டம் வைப்பமெண்டு சிலர் வெளிக்கிட்டிருக்கினம். வையுங்கோ, நாங்களும் வாறம். ராசாவுக்கும் தளபதிக்கும் தாள் எழுதிப்போட்டு, குளம் வெட்டினவனுக்கு என்ன எழுதப் போறியள்? அதைச் சொல்லாமல் புலிக்கொடி மட்டும் கீறினால், பழைய புத்தகத்துக்குத் தமிழ் அட்டை போட்ட மாதிரித்தான்.

மாத்தேலாதெண்டும் சொல்லேலாது. 2023 தையில விதிகளின்ர அடிப்படைப் பகுதி கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்துக்குக் கீழ வந்திட்டுது. மூலத்தைக் குறிப்பிட்டால் ஆரும் மாத்தி எழுதலாம், மொழிபெயர்க்கலாம். நாங்கள் எங்கட மேசைக்குத் தமிழில எழுதத் தொடங்கியிருக்கிறம். மூண்டு புள்ளியையும் விரும்பின இடத்தில போடலாம். ஒரே நிபந்தனை, அந்தத் திறமையை ஆரிட்டப் படிச்சதெண்டு ஆட்டத்துக்குள்ள ஒரு கதை சொல்லவேணும். வலை பின்னுறவள் ஒருத்தி அறிவில ரெண்டு புள்ளி போட்டுக்கொண்டு வந்தாள். கண்ணிக் கணக்கைத் தன்ர அம்மம்மாவிட்டப் படிச்சதாம்.

இருபது முகக் கட்டை எங்களிட்ட ஒண்டுதான் இருக்கு. உங்களிட்ட இருந்தால் கொண்டு வாங்கோ, சண்டையையும் மேசையிலயே பிடிப்பம்.