கல்யாணப் பட்டியலில் ஒரு மாத்திரை



தை பிறந்துவிட்டது. இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது பல வீடுகளில் முகூர்த்தப் பரபரப்பு தொடங்கியிருக்கும். ஜவுளி, நகை, மண்டபம், சமையல் என்று பட்டியல் போடுகிற வீடுகளுக்கு இம்முறை ஒரு வேண்டுகோள். மணப்பெண்ணுக்கு ஃபோலிக் அமில மாத்திரையையும் அந்தப் பட்டியலில் சேருங்கள். கர்ப்பம் உறுதியானதும் டாக்டர் எழுதித் தருவாரே, அதே மாத்திரைதான். அதைக் கல்யாணத்தின்போதே ஏன் சொல்கிறேன் என்றால், அந்த மாத்திரைக்கு வேலை இருக்கிற நாட்களில் வயிற்றில் கரு இருப்பதே பெரும்பாலான பெண்களுக்குத் தெரிவதில்லை.

கரு உருவான மூன்றாவது வாரத்தில் அதன் நீளம் ஓரிரு மில்லிமீட்டர்தான். அதன் முதுகுப் பக்கத்தில் செல்கள் ஒரு பட்டையாகத் தடிக்கின்றன. அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகுநாண் அனுப்பும் வேதிச் சைகைகள் அந்தப் பட்டையை வழிநடத்துகின்றன. நடுப்பகுதி பள்ளமாகிறது. இரண்டு ஓரங்களும் எழும்பி, வெற்றிலையை மடிப்பதுபோல ஒன்றை நோக்கி ஒன்று வளைந்து, தொட்டு, ஒட்டிக்கொள்கின்றன. இப்படி உருவாவதுதான் நரம்புக் குழல். இதன் மேற்பகுதி மூளையாகவும் மீதி தண்டுவடமாகவும் வளரும்.

ஒட்டுவது ஒரே நேரத்தில் நடப்பதில்லை. ஏறத்தாழ 22-வது நாளில் கழுத்து வரப்போகும் இடத்தில் தொடங்கி மேலும் கீழுமாகப் பரவுகிறது. மேல்முனை 25-வது நாள் வாக்கிலும், கீழ்முனை 28-வது நாள் வாக்கிலும் மூடிவிடும். நாள் தள்ளிப்போய் அப்போது இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். பரிசோதனை செய்து, டாக்டரைப் பார்த்து, மாத்திரைச் சீட்டு கைக்கு வருவதற்குள் குழல் மூடியிருக்கும். அல்லது மூடாமல் போயிருக்கும்.

மேல்முனை மூடாவிட்டால் மூளையின் பெரும்பகுதியும் மண்டை ஓடும் உருவாவதில்லை. அந்தக் குழந்தை பிறந்தாலும் சில மணி நேரமோ சில நாட்களோதான் உயிரோடிருக்கும். கீழ்ப்பகுதி மூடாவிட்டால் தண்டுவடப் பிளவு. டாக்டர்கள் ஸ்பைனா பைஃபிடா என்பார்கள். பிளவு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கால்களின் பலமும் சிறுநீர், மலக் கட்டுப்பாடும் பாதிக்கப்படும். பலருக்குத் தலையில் நீர் கோத்துக்கொள்ளும். அறுவைச் சிகிச்சைக்குப் பின் பள்ளி சென்று, படித்து, வேலைக்குப் போகிறவர்களும் இவர்களில் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஏன் மூடுவதில்லை? ஒற்றைக் காரணம் கிடையாது. பல மரபணுக்களுக்கு இதில் பங்கு உண்டு. தாய்க்குக் கட்டுப்படாத சர்க்கரை நோய், உடல் பருமன், கருவின் முதல் வாரங்களில் கடுமையான காய்ச்சல், வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோவேட் போன்ற மருந்துகள் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. நம்மால் எளிதில் சரிசெய்ய முடிகிற காரணம் ஃபோலேட் என்ற வைட்டமினின் பற்றாக்குறை; மாத்திரையில் இருக்கும் ஃபோலிக் அமிலம் அதன் ஒரு வடிவம்தான். வேகமாகப் பெருகும் செல்கள் புதிய டி.என்.ஏ.வை உருவாக்க ஃபோலேட் வேண்டும்.

கிரகணத்தன்று வெளியே போனாள், காய் நறுக்கினாள் என்று பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. குழந்தையை இழந்து நிற்பவளிடம் இப்படிப் பேசுவது பெரும் கொடுமை. மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டவர்களின் குழந்தைக்கும் இந்தக் குறை நேரலாம். அவர்கள் மீது ஒரு பழியும் இல்லை.

இந்த வைட்டமினின் கதையில் நம் ஊருக்கும் இடம் உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் 1928-ல் பம்பாய்க்கு வந்தார். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிகளைத் தாக்கிய ஒரு வகைக் கடும் ரத்தசோகைக்குக் காரணம் தேடினார். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் ஆய்வு நடந்தது. பிறகு சென்னையில், இன்றும் பலர் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்லும் திருவல்லிக்கேணி மருத்துவமனையிலும் பணியாற்றினார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் நோய் குணமாவதை 1931-ல் எழுதினார். அந்தச் சாற்றில் இருந்த பொருள் ஃபோலேட் என்பது பின்னால் தெரிந்தது.

நரம்புக் குழலுக்கும் அதற்கும் உள்ள தொடர்பை 1960-களில் சந்தேகித்தவர்கள் பிரிட்டனின் ரிச்சர்ட் ஸ்மிதெல்ஸும் எலிசபெத் ஹிப்பர்டும். 1991-ல் நிரூபணம் கிடைத்தது. ஏற்கெனவே இந்தக் குறையுள்ள குழந்தையைச் சுமந்த பெண்களிடம், 7 நாடுகளில், 33 மையங்களில் நடந்த ஆய்வு அது. கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களுக்குக் குறை மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். 1998 முதல் அமெரிக்காவில் மாவிலேயே ஃபோலிக் அமிலம் சேர்ப்பது கட்டாயமானது; இக்குறையோடு பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையும் அங்கே குறைந்தது. இத்தனை ஆண்டுகள் கழிந்தும் நம் வீடுகளில் இது கர்ப்பிணிக்கான மாத்திரையாகவே இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

கீரையும் பயறும் கொண்டைக்கடலையும் நிலக்கடலையும் ஃபோலேட் நிறைந்தவைதான். ஆனால் நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் அதில் பெரும்பகுதி போய்விடும். அதனால் கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்களுக்கு உணவோடு தினமும் 400 மைக்ரோகிராம் மாத்திரையும் வேண்டும் என்பதே மருத்துவ உலகின் பரிந்துரை. கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பாவது தொடங்கி, மூன்றாம் மாதம் முடியும்வரை எடுக்க வேண்டும். முன்பு இப்படியொரு குழந்தையைச் சுமந்தவர்களுக்குப் பத்து மடங்கு அளவு தேவைப்படும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் கூடுதல் அளவு தேவைப்படலாம். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். வலிப்பு மருந்து சாப்பிடும் பெண்கள் பயந்துபோய்த் தாங்களாக அதை நிறுத்திவிடக் கூடாது. குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்ற வழியிருக்கும்.

பெண்ணின் தாயோ மாமியாரோ அல்ல, மாப்பிள்ளையே இந்தப் பேச்சைத் தொடங்கினால் எனக்கு இன்னும் மகிழ்ச்சி. கேட்கத் தயக்கமாக இருக்கும் கேள்விகளைப் பெயர் குறிப்பிடாமல் எங்களுக்கு எழுதுங்கள். மகப்பேறு மருத்துவரிடம் பதில் வாங்கி அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்