நாளும் நினைவும்: அக்டோபர் 31

சென்ற இதழில் இப்பகுதியை வாசித்த சகோதரி ஒருவர் நம்மைக் காய்கறிக் கடையில் கண்டு, "எப்போது பார்த்தாலும் போரும் உடன்படிக்கையுந்தானா? பாட்டும் கூத்தும் சினிமாவும் பற்றி ஒரு மாதமாவது எழுதக் கூடாதா, அண்ணா?" என்று கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். ஆகவே இம்மாதத்திற்கு அக்டோபர் 31ஆம் தேதியை எடுத்துக்கொண்டோம். எடுத்துக்கொண்ட பிறகு அந்தத் தேதி நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்திற்று என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

1931ஆம் ஆண்டில் அந்தத் தேதி சனிக்கிழமை. அன்றுதான் சென்னையில் வால்டாக்ஸ் சாலையிலிருந்த 'கினிமா சென்ட்ரல்' கொட்டகையில் தமிழின் முதற் பேசும் படமாகிய 'காளிதாஸ்' திரையிடப்பட்டது. தமிழின் முதற் படமாயிற்றே, கோடம்பாக்கத்தில் பிறந்ததாக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். அது பிறந்த இடம் பம்பாய். அர்தேஷிர் இரானி என்ற பார்சிக் கனவான் அதே ஆண்டு மார்ச் 14ஆம் தேதி 'ஆலம் ஆரா' என்னும் முதல் இந்தியப் பேசும் படத்தை வெளியிட்டுப் பெயர் பெற்றிருந்தார். அந்தப் படத்திற்கு எழுப்பிய அரங்கங்களிலேயே 'காளிதா'ஸையும் எடுத்து முடித்தார்கள். இயக்கியவர் எச்.எம்.ரெட்டி. ஸ்டூடியோவோ இருப்புப் பாதைக்கு அண்டையில் இருந்தது. வண்டி ஓசை ஒலிப்பதிவில் புகுந்துவிடும் என்பதால், 'ஆலம் ஆரா'வைப் பெரும்பாலும் இரயில் ஓய்ந்த நள்ளிரவில்தான் படமாக்கினார்கள். நம் இலாகாவினால் கலைக்கு நேர்ந்த இடையூறுகளில் இதுவே முதன்மையானது போலும்!

இலாகா அதற்குப் பிராயச்சித்தமும் செய்திருக்கிறது. படச்சுருள் அடங்கிய பெட்டி பம்பாயிலிருந்து சென்னைக்கு இரயிலில்தான் சென்றது. சென்ட்ரல் நிலையத்திலிருந்து கொட்டகை வரை வால்டாக்ஸ் சாலை நெடுகிலும் ஜனங்கள் கூடி நின்று, பூச்சொரிந்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் ஏற்றி அப்பெட்டியை ஊர்வலமாகக் கொண்டுசென்றதாகச் சினிமா வரலாறு எழுதியோர் குறித்திருக்கின்றனர். பம்பாய்-சென்னை மெயில் அந்நாளில் நம் சோலாப்பூர், வாடி, ராய்ச்சூர் வழியாகவே ஓடிற்று. தினந்தோறும் பார்சல் புத்தகத்தில் எத்தனையோ பெட்டிகளை எழுதிக் கையொப்பமிடுகிறோம். ஒன்றுக்கேனும் கற்பூரம் காட்டியவரை இதுவரை கண்டதில்லை.

கதாநாயகி திருவையாற்றில் பிறந்து நாடக மேடையில் வளர்ந்த டி.பி.ராஜலட்சுமி. பிற்பாடு 1936இல் 'மிஸ் கமலா' என்ற படத்தைத் தாமே இயக்கிய துணிச்சல்காரர். அவர் தமிழில் பேசினார். கதாநாயகர் பி.ஜி.வெங்கடேசன் தெலுங்கில் மறுமொழி சொன்னார். கோயில் பூசாரியாக வந்த எல்.வி.பிரசாத் பேசியதோ ஹிந்தி. காளிதாசர் காலத்துக் கதையில் தியாகராஜ கீர்த்தனை வந்தது. மதுரை பாஸ்கரதாஸ் எழுதிய காந்தி இராட்டைப் பாட்டும் வந்தது. இத்தனை கலப்பும் சேர்ந்ததைத்தான் நம் முன்னோர் 'தமிழ்ப் படம்' என்று தேங்காய் உடைத்து வரவேற்றார்கள். அப்படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று எஞ்சவில்லை.

இனி, அந்தப் பூசாரியைச் சற்றுத் தொடர்வோம். எல்.வி.பிரசாத் ஆந்திர நாட்டுக் கிராமத்திலிருந்து பிழைப்புத் தேடிப் பம்பாய்க்கு வந்தவர். படக் கம்பெனியில் எடுபிடி வேலையும், கொட்டகை வாயிலில் காவல் வேலையும் பார்த்தவர். அவரே 1955இல் சென்னையில் 'மிஸ்ஸியம்மா'வை இயக்கினார். அதில் சாவித்திரிக்குப் பின்னணி பாடியவர் பி.லீலா. 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டியிட்டு ஆடுவார்களே, அந்தப் பாட்டில் ஜிக்கியுடன் பாடியவரும் அவரே. 'லவகுசா'வின் சிறுவர் இருவருக்கும் குரல் கொடுத்தவர்கள் அவரும் சுசீலாவுந்தான். பாலக்காட்டுச் சித்தூரில் மலையாளம் பேசும் குடும்பத்தில் பிறந்து, சிறுமியாகச் சென்னைக்கு வந்தவர். அவர் வாயிலிருந்து வரும் தமிழில் ளகரமும் ழகரமும் இடம் மாறி நாம் கேட்டதேயில்லை. இங்கே நம் வீட்டுப் பிள்ளைகளின் 'வாளைப்பளம்' நினைவுக்கு வந்தால் அதற்கு நாம் பொறுப்பல்ல. லீலா மறைந்தது 2005ஆம் ஆண்டு, அதே அக்டோபர் 31ஆம் தேதி. பத்ம பூஷண் விருது மறு ஆண்டு, அவர் இல்லாதபோது வந்தது.

1984இல் இதே தேதியில் பிரதமர் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். வானொலியில் சினிமாப் பாட்டு நின்று, பல நாட்கள் சோக இசையே ஒலித்ததென்று எம் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இனி எஞ்சியிருப்பவர் ஒருவர். நம்மைச் சங்கடத்தில் ஆழ்த்தியவரும் அவரே. 1975 அக்டோபர் 31இல் பம்பாயில் காலமான எஸ்.டி.பர்மன். திரிபுரா அரச குடும்பத்தவர். 1906இல் கொமில்லாவில் பிறந்தவர். வங்கத்து ஓடக்காரர் பாட்டைக் கேட்டு வளர்ந்து, 1944இல் பம்பாய்க்கு வந்தார். ஊர் ஒட்டவில்லை. ஒரு படத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கல்கத்தா வண்டி ஏறப் புறப்பட்டாராம். நண்பர்கள் மன்றாடி நிறுத்தினார்கள். அன்று அவர் வண்டி ஏறியிருந்தால் 'பியாசா' ஏது, 'கைடு' ஏது? 'ஆராதனா' ஏது? ஊர் ஒட்டாமல் பெட்டியைக் கட்டிய இரவு நம் வாசகர்களில் யாருக்குத்தான் இல்லை! 'ஆராதனா'வில் தாமே பாடிய பாட்டுக்கு, அறுபது வயதைக் கடந்த பின், சிறந்த பின்னணிப் பாடகருக்கான தேசிய விருது பெற்றார். வங்காள வாடை மாறாத அந்தக் குரலை அவர் திருத்திக்கொள்ளவுமில்லை. யாரும் திருத்தச் சொல்லவுமில்லை. 'மிலி' படத்துப் பாட்டுக்கு ஒத்திகை பார்த்த பிறகு நினைவிழந்தவர் மீளவில்லை.

சங்கடம் யாதெனில், அதே 'ஆராதனா'வில் டார்ஜிலிங் சிற்றிரயிலில் கதாநாயகி அமர்ந்திருக்க, ஜீப்பில் நாயகன் பாடி வரும் பாட்டு ஒன்றுண்டு. நம் ஆண்டு விழாவில் அதைப் பாடுவதற்கு எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பெயர் கொடுத்திருந்தாள். "தமிழ்ப் பாட்டு மட்டுமே" என்று செயற்குழு விதித்தது. அவ்விதிக்குக் கை தூக்கியவர்களில் நாமும் ஒருவர். நல்லெண்ணத்தோடுதான் தூக்கினோம், ஆண்டில் ஒரு மாலையாவது பிள்ளைகள் தமிழில் வாய் திறக்கட்டும் என்று. இப்போதும் அந்த எண்ணத்தைத் தவறென்று சொல்ல மனம் வரவில்லை.

ஆனால் அச்சிறுமி விழாவுக்கே வரமாட்டேன் என்கிறாள். வேறு பாட்டுப் பாடேன் என்று சொல்லப் போனோம். கதவருகே நின்று, "மாமா, எனக்குத் தமிழில் பாட வராது, வந்தால் பாடமாட்டேனா?" என்றாள். அதற்குப் பிறகு 'காளிதாஸ்' படத்தின் தெலுங்கையும் ஹிந்தியையும் பற்றி எழுதுவதற்குப் பேனா இலகுவில் ஓடவில்லை.

'மிஸ்ஸியம்மா' பாட்டு ஒன்றை அவளுக்குச் சொல்லித் தர எம் மனைவியார் இசைந்திருக்கிறார்; வரிகளை அவள் ஹிந்தி எழுத்தில் எழுதிக்கொண்டிருக்கிறாள். இரண்டு பாட்டையும் பாடலாமா என்று கேட்டாள். தூக்கிய கையை இறக்கிக்கொள்ள நம் சங்க விதிகளில் இடமுண்டா என்று தேடிப் பார்த்தோம், அகப்படவில்லை. செயற்குழு அடுத்த ஞாயிறு மாலை 5 மணிக்குக் கூடுகிறது. அங்கத்தினரல்லாதாரும் வந்து அபிப்பிராயம் சொல்லலாம்.