ஐந்தொகையில் ஏறாத வரவுகள்

சித்திரை முதல் நாள் புதுக்கணக்குப் போடுவது நம் வணிகர்களுக்கு ஒரு திருநாள். கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருப்பவர்கள்கூட அன்றைக்கு ஒரு பேரேடு வாங்கி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, 'லாபம்' என்று எழுதத் தவறுவதில்லை. படியளக்கும்போது 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று எண்ணத் தொடங்கிய பரம்பரை நம்முடையது. நல்ல வழக்கம்தான். ஆனால் அந்த ஒரு சொல்லை வைத்தே வருஷம் முழுவதையும் எடைபோட்டுவிடும் பழக்கமும் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அதைப் பற்றி உறுப்பினர்களோடு சில வார்த்தை பேச விரும்புகிறேன்.

மார்ச் 31 முடிந்து ஐந்தொகை எடுத்ததும் நம் கண் கடைசி வரிக்குத்தான் போகிறது. போன வருஷத்தைவிடக் கூடியிருந்தால் நல்ல வருஷம், குறைந்திருந்தால் வீணாய்ப்போன வருஷம். அந்தக் கடைசி வரியில் நம் உழைப்பு எவ்வளவு, காலத்தின் போக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கிறவர்கள் குறைவு.

பருப்பு வியாபாரத்தையே எடுத்துக்கொள்வோம். 2024-ல் துவரை விலை ஏறி நின்றது. அந்த ஆண்டு ஜூன் 21-ல் துவரைக்கும் கொண்டைக்கடலைக்கும் மத்திய அரசு இருப்பு வரம்பு விதித்தது. ஒவ்வொன்றிலும் மொத்த வியாபாரிக்கு 200 டன், சில்லறைக் கடைக்கு 5 டன். அந்த ஏற்றத்துக்கு முன்பே கிட்டங்கியில் சரக்கு வைத்திருந்தவருக்கு, அவர் தூங்கிக்கொண்டிருந்தாலும் லாபம் வந்தது. 2025 தொடக்கத்தில் புதுத்துவரை வரத்தும் வரியில்லாத இறக்குமதியும் சேர்ந்துகொள்ள, விலை அரசின் ஆதரவு விலையான குவிண்டால் 7,550 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. அதே வியாபாரி, அதே கிட்டங்கி, அதே நாணயம், ஆனால் கையில் நஷ்டம். முதல் வருஷம் கெட்டிக்காரராக இருந்தவர் மறு வருஷம் அசடாகிவிட்டாரா?

எங்களிடம் சரக்கு எடுக்கும் மளிகைக் கடைக்காரர் ஒருவர், நாற்பத்தைந்து வயது இருக்கும், பாக்கி கொடுக்க வந்தவர், "அண்ணாச்சி, இந்த வருஷம் ஒண்ணுமில்லாமப் போச்சு. கடையை வாடகைக்கு விட்டுட்டு எங்கேயாவது வேலைக்குப் போயிடலாம்னு பார்க்கிறேன்" என்றார். அவர் தெருவில் பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்று வந்திருக்கிறது. லாபத்தில் நாற்பதாயிரம் குறைந்துவிட்டதாம். மறுத்துப் பேச முடியாத கணக்குதான்.

நான் பேரேட்டில் அவர் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். முந்தைய ஆண்டு கெடு தாண்டாமல் வந்த பணம் மூன்றே தடவை. இந்த ஆண்டு ஒரு தடவைகூடக் கெடு தாண்டவில்லை. "இது எப்படித் தம்பி?" என்று கேட்டேன். மாதக்கணக்கு நோட்டு வைத்திருக்கும் வீடுகளில் நின்றிருந்த கடன் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்தை, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். ஒரு வீடும் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகவில்லை. கடன் வசூலித்துப் பழகியவர்களுக்குத்தான் தெரியும், இது எவ்வளவு பொறுமை கேட்கிற வேலை என்று.

இன்னொன்றும் அவரே சொன்னார். 2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. குறைந்து, பிஸ்கட், சோப்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5-க்கு வந்ததல்லவா? முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவரும் மகனும் உட்கார்ந்து ஒவ்வொரு சரக்காக விலை மாற்றி, திங்கள் காலை முதல் வாடிக்கைக்காரருக்குப் புது விலையில் கொடுத்திருக்கிறார்கள். பையன் அப்பாவோடு கடையில் விடிய விடிய இருந்தது அன்றைக்குத்தானாம். இவ்வளவையும் செய்த மனிதர் 'ஒண்ணுமில்லை' என்கிறார்! அவருடைய சாதனை அவருடைய ஐந்தொகையில் ஏறவில்லை, என் பேரேட்டில் ஏறியிருக்கிறது. வாடகைப் பேச்சை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறார். நாளை என்ன முடிவெடுப்பாரோ, அது அவர் விருப்பம்.

இதெல்லாம் நஷ்டத்துக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம் என்று சிலர் நினைக்கலாம். நஷ்டம் நஷ்டம்தான். பாங்க் மேனேஜரிடம் போய் நாணயமாக வசூலித்தேன் என்றால் வட்டியைத் தள்ளுபடி செய்யமாட்டார். ஆனால் வருஷமே வீண் என்று மனம் விட்டவர் அடுத்து என்ன செய்கிறார் என்று இந்தத் தொழிலில் நிறையப் பார்த்தாகிவிட்டது. விட்டதை ஒரே சீசனில் பிடிக்கிறேன் என்று அளவுக்கு மீறிக் கொள்முதல் செய்வார், இல்லையென்றால் ஆள் பார்க்காமல் கடன் கொடுத்து விற்பனையைப் பெருக்கப் பார்ப்பார். ராத்திரிச் சாப்பாட்டில் தினமும் நஷ்டப் பேச்சையே கேட்கும் பிள்ளை, படிப்பு முடிந்ததும் கடைப்பக்கம் திரும்பமாட்டான். பிறகு, பிள்ளைகள் தொழிலுக்கு வருவதில்லை என்று சங்கக் கூட்டத்தில் புலம்புகிறோம்.

என் பங்குக்கும் சொல்லிவிடுகிறேன். இ-வே பில் போட இந்த வயதில் பேத்தியிடம் கற்றுக்கொண்டேன். கணக்கப்பிள்ளை லீவு போட்டாலும் இப்போது லாரி காத்து நிற்பதில்லை. கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி வேண்டும் என்று நம் மாநிலத்தில் 2021-ல் சட்டத் திருத்தம் வந்ததைத் தொடர்ந்து கடையில் சில நாற்காலிகள் போட்டிருந்தோம். போன வருஷம் கிட்டங்கியில் வற்றல் ஆயும் பெண்கள் ஒவ்வொருவருக்கும் முக்காலி வாங்கிப் போட்டேன். பிளாஸ்டிக் முக்காலிதான், பெரிய செலவில்லை. சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பது குறைந்திருக்கிறது. இது வியாபாரத்தில் எத்தனை ரூபாய் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆகவே புதுக்கணக்குப் பேரேட்டில் கடைசிப் பக்கம் ஒன்றை இதற்கென்று விட்டுவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பெரிதாக எழுத வேண்டாம். தீர்த்த பாக்கி, கற்ற வேலை, விட்ட கெட்ட பழக்கம், கடையிலிருந்து கட்டிய பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் என்று ஒரு வரி, தேதியோடு போதும். ஞாபகத்தை நம்பினால் நஷ்டம் மட்டும்தான் மனதில் நிற்கும்.

நம் சங்கமும் இதற்கு இடம் தரலாம். மே 5 வணிகர் தினத்தில் ஆண்டுதோறும் அதிக வரி செலுத்தியவரையும் அதிக மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளையும் பாராட்டுகிறோம். அதோடு அரைமணி நேரம் ஒதுக்கி, பத்து உறுப்பினர்கள் ஆளுக்கு மூன்று நிமிடம், வருஷத்தில் தாம் செய்த ஒரு சின்னக் காரியத்தைச் சொல்லட்டும். பொன்னாடையும் கேடயமும் வேண்டாம். செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த செயற்குழுவில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். பேச விருப்பமுள்ளவர்கள் அதற்குள் பெயர் கொடுத்தால் நலம்.