லிபரல் ஆர்ட்ஸ் யாருக்கு?

தத்துவத்தோடு கணினி அறிவியலும் சேர்த்துப் படிக்கலாம், 'விமர்சனச் சிந்தனை' வளர்ப்பதே நோக்கம் என்கின்றன தனியார் லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகங்கள். நல்ல நோக்கம்தான். கட்டணமோ பல லட்சம். அந்த வகுப்பறையில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்?

1946-இல் பாபாசாகேப் அம்பேத்கர் பம்பாயில் சித்தார்த்தா கலை அறிவியல் கல்லூரியைத் தொடங்கினார். வேலைக்குப் போகிறவர்களும் படிக்கட்டும் என்று அங்கே காலையிலேயே வகுப்புகள் நடந்தன. கல்லூரியின் நோக்கம் கால அட்டவணையிலேயே தெரிந்தது.

தனியார் கல்வி நிறுவனங்களிலும் இடஒதுக்கீட்டுக்கு 93-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வழிவிட்டது. 2014-இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. நாடாளுமன்றம்தான் இன்னும் சட்டம் இயற்றவில்லை. உதவித்தொகை அவர்கள் விருப்பம். இடஒதுக்கீடு நம் உரிமை. மாணவர் சேர்க்கை விவரத்தைச் சாதிவாரியாக வெளியிடச் சொல்லி முதலில் கேட்போம். விமர்சனச் சிந்தனை அங்கிருந்து தொடங்கட்டும்.