தோல்முட்டைக்காக இளங்கின்னியை விற்பது சரியா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார மானாவாரிக் கிராமங்களுக்கு ஏற்ற பறவைகளுள் கின்னிக்கோழியும் ஒன்று. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இது வெயிலைத் தாங்கும். வெட்டுக்கிளி, கரையான், உதிர்ந்த தானியம் ஆகியவற்றைத் தானே பொறுக்கித் தின்னும். ஆனால் முதல் பருவத்தில் தோல்முட்டையோ, கை பட்டால் நொறுங்கும் முட்டையோ இட்டவுடன், "இது தேறாது" என்று கறிக்கு விற்றுவிடுவோர் உண்டு. ஏழு மாதம் வளர்த்த பறவையை வருவாய் தொடங்கும் நேரத்தில் கைவிடுவது நட்டமே. குறை பெரும்பாலும் பறவையிடம் இல்லை. வளர்ப்பு முறையில்தான் உள்ளது.

கின்னிக்கோழி சுமார் 26 முதல் 30 வாரங்களில் முட்டையிடத் தொடங்கும். ஆண்டு முழுவதும் இடாது. பங்குனி முதல் புரட்டாசி வரையே முக்கியப் பருவம். நல்ல பராமரிப்பில் ஒரு பருவத்தில் 90 முதல் 110 முட்டை வரை கிடைக்கும். தொடக்கத்தில் முட்டை சிறுத்தும், வடிவம் கெட்டும், ஓடின்றியும் வருவது எல்லாக் கோழி இனங்களிலும் காணப்படுவதே. கருப்பை பழகியதும் சில வாரங்களில் சீராகும்.

சீராக வேண்டுமானால் சுண்ணாம்புச்சத்து வேண்டும். கின்னி முட்டையின் எடை ஏறத்தாழ 40 கிராம்தான். ஆனால் ஓடு மிகத் தடிப்பானது; அது மட்டுமே சுமார் 5 கிராம் இருக்கும். அதில் 2 கிராம் சுண்ணாம்புச்சத்து. நம் பகுதியில் இறைக்கும் கம்பிலோ 100 கிராமுக்கு 40 மில்லிகிராம் அளவே உள்ளது. சோளத்தில் இன்னும் குறைவு. தானியத்தை மட்டும் நம்பினால் கோழி தன் எலும்பைக் கரைத்தே ஓடு செய்ய வேண்டியிருக்கும். அது நெடுநாள் நீடிக்காது.

இதற்குச் செலவு அதிகமில்லை. தூத்துக்குடிக் கடற்கரைப் பக்கம் கிடைக்கும் கிளிஞ்சலை உளுந்து அளவுக்கு உடைத்து, தனித் தட்டில் மாலையில் வைக்க வேண்டும். ஓட்டின் பெரும்பகுதி இரவில் உருவாவதால், இரைப்பையில் தங்கி மெதுவாகக் கரையும் குருணையே பொடியைவிட நல்லது. வேகவைத்து உலர்த்தி நொறுக்கிய முட்டை ஓடும் உதவும். வெற்றிலைச் சுண்ணாம்பையோ சுட்ட சுண்ணாம்பையோ ஒருபோதும் கொடுக்கலாகாது. வாயும் குடலும் வெந்துவிடும். பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் நிறைய உண்டு என்பதற்காகச் சோதிக்காத கல்லைப் பொடித்து வைப்பதும் தவறு. மக்னீசியம் மிகுந்த கல் ஓட்டைக் கெடுக்கும்.

ஆர்வ மிகுதியால் வளரும் குஞ்சுகளுக்கே முட்டைக்கோழித் தீவனம் கொடுப்பது வேறொரு தவறு. அளவுக்கு மீறிய சுண்ணாம்புச்சத்து இளம் பறவையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கிளிஞ்சலைத் தீவனத்தில் கலக்காமல் தனியே வைத்தால், முட்டையிடும் பெட்டை தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ளும்.

முட்டைப் பருவமும் கத்திரி வெயிலும் சேர்ந்தே வருகின்றன. கோழி வாய் திறந்து இளைக்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட்டும் குறைகிறது. தீனியும் குறைவாகவே எடுக்கும். எனவே வேப்பமர நிழலும், மண்பானைக் குளிர்நீரும் கிளிஞ்சலுக்கு நிகரான மருந்து.

கிளிஞ்சல் வைத்தும் சில வாரங்களுக்கு மேல் தோல்முட்டை தொடர்ந்தாலோ, பல கோழிகள் ஒரே சமயத்தில் இட்டாலோ நோயாகவும் இருக்கலாம். கால்நடை மருந்தகத்தை அணுகுவது அவசியம். முதல் சில வார முட்டைகளை அடைக்கு வைக்காதிருப்பதும் நலம். குஞ்சு பொரிக்க 26 முதல் 28 நாட்கள் ஆவதால், மெல்லிய ஓட்டின் வழியே ஈரம் வெளியேறிக் கரு சாகும்.

1979-இல் தொடங்கப்பட்ட இசாத்நகர் மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையம் காதம்பரி, சிதம்பரி, சுவேதாம்பரி எனும் கின்னி இரகங்களை உருவாக்கித் தந்துள்ளது. இரகம் எதுவானாலும், கிளிஞ்சல் இல்லாத முற்றத்தில் அதன் திறன் வெளிப்படாது. குஞ்சு விற்போரும் வழங்குவோரும் ஒரு படி கிளிஞ்சலையும் சேர்த்தே கொடுப்பது முறை. தடித்த ஓடுதான் கின்னி முட்டையின் பெருமை. கோடையில் கெடாமல் நாள்பட இருப்பதும், சந்தைக்குப் போகும் வழியில் உடையாதிருப்பதும் அதனால்தான். அந்தப் பெருமையைக் காட்ட இளம் பெட்டைக்கு ஒரு பருவமேனும் தவணை தர வேண்டும்.