பிச்சாவரத்துக்கு மது வேண்டாம், கதை வேண்டும்!

"அப்பா, இது என்ன மரம்?"

படகில் உட்கார்ந்திருந்த சிறுவன் கேட்டான்.

அப்பாவுக்குத் தெரியவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மாவுக்கும் தெரியவில்லை.

"ஏதோ காட்டு மரம்டா. தண்ணியிலே கையை விடாதே!" என்றார், அப்பா.

துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த படகோட்டிக்கு அந்த மரத்தின் பெயர் தெரியும். ஆனால், அவரை யாரும் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் சொல்வானேன் என்று அவரும் பேசாமல் இருந்துவிட்டார்.

படகு திரும்பியது. எல்லோரும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார்கள். முறுக்குத் தின்றார்கள். வீட்டுக்குப் போனார்கள். மரத்தின் பெயர் மட்டும் தெரியாமலே போயிற்று.

சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பிச்சாவரத்தில், யாரும் எந்த நாளும் காணக்கூடிய காட்சி இது.

வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவே பிச்சாவரம் இருக்கிறது. உப்பு நீரில் காடு. காட்டுக்குள்ளே வாய்க்கால்கள். வாய்க்கால்களுக்கு நடுவே சின்னச் சின்னத் திட்டுகள். இவ்வளவு அழகான இடத்தைக் காட்டத் தெரிந்த நமக்கு, அதைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை. இதுதான் குறை.

<b>கப்பல் நிற்கும் தீவு</b>

சொல்லத் தெரிந்தவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கலாம்.

ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, அட்லாண்டிக் பெருங்கடலில் மதீரா என்ற தீவு இருக்கிறது. அது போர்ச்சுக்கல் நாட்டைச் சேர்ந்தது. அதன் தலைநகரான புன்ஷாலில் உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும். காலையில் வரும் கப்பல் பெரும்பாலும் அன்று மாலையே புறப்பட்டுவிடும்.

இறங்கியவர்களுக்குக் கிடைப்பது சில மணி நேரம்தான். அந்த நேரத்தில் பலர் போகும் இடம், திராட்சை மது வைத்திருக்கும் பழைய மண்டி வீடு. ஒரு வழிகாட்டி அவர்களை அழைத்துப் போவார். வரிசையாக மரப் பீப்பாய்களைக் காட்டுவார். எந்தத் திராட்சை துவர்க்கும், எந்தத் திராட்சை இனிக்கும் என்று சொல்வார். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். கடைசியில் ஒரு சின்னக் கிண்ணத்தில் இரண்டு வாய் ஒயின் கொடுப்பார்கள்.

இரண்டு வாய்தான்! இதற்காகவா காசு கொடுத்துப் போகிறார்கள்?

இல்லை. அந்த வழிகாட்டி சொல்லும் கதைக்காகப் போகிறார்கள். அந்தக் கதையில் நம் இந்தியாவும் வருகிறது.

<b>கடல் சுற்றிய பீப்பாய்</b>

அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்த கம்பெனிக் கப்பல்கள் வழியில் மதீராவில் நிற்கும். அங்கே ஒயின் பீப்பாய்களை ஏற்றிக்கொள்ளும். கடும் வெயிலில், மாதக் கணக்கில் கப்பல் வரும். பீப்பாய்கள் கப்பலின் அடியில் கிடந்து புழுங்கும்.

சாதாரண ஒயின் என்றால் இந்தச் சூட்டில் கெட்டுவிடும். மதீரா ஒயின் கெடவில்லை. சுவை கூடியது! விற்காமல் ஊர் திரும்பிய பீப்பாயைத் திறந்து பார்த்த வியாபாரிகள் அதிசயப்பட்டார்கள். பிறகு, வேண்டுமென்றே பீப்பாய்களை இந்தியா வரை அனுப்பித் திரும்பக் கொண்டுவந்தார்கள். சுற்றி வந்த ஒயின் என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. விலையும் அதிகம்.

இன்று பீப்பாய்கள் கடல் சுற்றுவது இல்லை. வெயில் படும் மாடியில் வருடக் கணக்கில் வைத்துச் சூடு காட்டுகிறார்கள். ஆனால், கதை அப்படியே இருக்கிறது. அதைச் சொல்லித்தான் அந்தத் தீவு சம்பாதிக்கிறது.

<b>நம்மிடம் கதை இல்லையா?</b>

மதீராவின் கதையில் நாம் ஓரத்தில் வருகிறோம். நம் கதையிலோ உலகமே வருகிறது.

கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினம் இருக்கிறது. மாலை நேரத்தில் மக்கள் காற்று வாங்கும் கடற்கரை அது. அதன் அருகே, கெடிலம் ஆற்றின் கரையில், புனித டேவிட் கோட்டை இருந்தது.

அந்தக் கோட்டையை வெள்ளைக்காரர்கள் 1690-ம் ஆண்டில் மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். எல்லையை எப்படி அளந்தார்கள் தெரியுமா? கயிறு பிடிக்கவில்லை. பீரங்கியால் சுட்டார்கள்! குண்டு போய் விழுந்த தூரம் வரை கம்பெனிக்குச் சொந்தம் என்று பேச்சு. அந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் "குண்டு கிராமங்கள்" என்று பெயர் வந்தது.

1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். அதன் பிறகு சில ஆண்டுகள் இந்தக் கரையில் வெள்ளைக்காரர்களின் தலைமையிடமாக இருந்தது கடலூர்க் கோட்டைதான். 1756-ல் ராபர்ட் கிளைவ் இங்கே அதிகாரியாக இருந்தார். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்தார், கோட்டையைப் பிடித்தார், இடித்துப் போட்டார். இன்று இடிபாடுகளே மிச்சம்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பக்கம் பரங்கிப்பேட்டை. பெயரே சொல்கிறது, பரங்கியர் வந்த ஊர் என்று. மதீராவை ஆண்ட அதே போர்ச்சுக்கீசியர்தான் இங்கும் வந்தார்கள். 1781-ல் ஐதர் அலியின் படையும் வெள்ளைக்காரர் படையும் மோதியதும் இங்கேதான்.

அதற்கு அடுத்தாற்போல் பிச்சாவரம்.

<b>அந்த மரம் எது?</b>

சிறுவன் கேட்ட கேள்விக்கு வருவோம். அவன் விரலை நீட்டிக் காட்டியது தில்லை மரம்.

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்ததே அந்த மரத்தால்தான். ஒரு காலத்தில் தில்லைக் காடாக இருந்த இடம் என்று தலபுராணம் சொல்லும். நடராஜர் கோவிலின் தலமரமும் அதுவே. இன்று அந்த மரத்தைக் காட்டில் பார்க்கவேண்டும் என்றால் பிச்சாவரத்துக்கு வரலாம். அதன் பால் பொல்லாதது. உடம்பில் பட்டால் புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும்.

காலையில் கோவிலில் "தில்லை நடராஜா!" என்று கும்பிட்ட குடும்பம், மாலையில் தில்லை மரத்தைப் பார்த்து "ஏதோ காட்டு மரம்" என்று சொல்லிவிட்டுப் போகிறது. இது யார் குற்றம்? அந்தத் தந்தையின் குற்றம் அல்ல. சொல்ல ஆள் வைக்காதவர்களின் குற்றம்.

இன்னும் இருக்கிறது. சுரபுன்னை மரம் வேரைக் கால்போல் ஊன்றி நிற்கும். அதன் விதை மண்ணில் விழுந்து முளைப்பது இல்லை. தாய் மரத்தில் தொங்கும்போதே முளைத்து, ஈட்டிபோல் நீண்டு, பிறகு சேற்றில் குத்திக்கொண்டு நிற்கும். வெண்கண்டல் மரத்தின் வேர்கள் சேற்றிலிருந்து பென்சில்போல் மேலே நீட்டிக்கொண்டு மூச்சு விடும். அதன் இலையை நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும். உப்பு நீரைக் குடித்துவிட்டு, உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது!

எந்தக் குழந்தை இதை மறக்கும்?

<b>அந்த ஞாயிற்றுக்கிழமை</b>

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை. கடல் பொங்கி வந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

பிச்சாவரம் பக்கத்தில், காட்டுக்குப் பின்னால் இருந்த சில ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது. மரங்கள் அலையின் வேகத்தைத் தணித்தன என்று 2005-ல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். ஊரின் மேடும் கடலிலிருந்து இருந்த தூரமும்தான் காரணம் என்று வாதிட்டவர்களும் உண்டு. ஆனால், அந்தக் காட்டோரத்து மக்களைக் கேட்டால், மரத்தைத்தான் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள்.

உலகமும் அதன் அருமையை ஒப்புக்கொண்டது. 2022-ம் ஆண்டில் பிச்சாவரம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. உலகம் முழுவதும் காக்கவேண்டிய நீர்நிலங்களின் பட்டியல் அது.

எம்.ஜி.ஆர். நடித்த "இதயக்கனி" 1975-ல் வந்தது. அதில் பிச்சாவரத்தைப் பார்த்த மக்கள் இங்கே தேடி வந்தார்கள். இன்னும் வருகிறார்கள். "இங்கேதானே எம்.ஜி.ஆர். படகில் போனார்?" என்று கேட்கிறார்கள். நல்லதுதான். அதோடு அலையைத் தடுத்த மரத்தையும் கேட்டால் இன்னும் நல்லது.

<b>மது வந்தால்...</b>

இப்போது ஒரு பேச்சு கேட்கிறது. "வெளிநாட்டுக்காரர் வரவேண்டும் என்றால் மது வேண்டும். கேளிக்கை வேண்டும். அது இல்லாமல் சுற்றுலா வளராது" என்கிறார்கள்.

நம் கரைக்கும் உல்லாசக் கப்பல் வரத் தொடங்கிவிட்டது. 2022 ஜூன் மாதம் சென்னையிலிருந்து ஒரு கப்பல் புறப்பட்டது. சூதாட்டம் பற்றிய பேச்சு எழுந்ததால், புதுச்சேரியில் பயணிகளை இறக்க அந்த அரசு அப்போது அனுமதிக்கவில்லை. பிறகு 2025 ஜூலையில் ஒரு கப்பல் புதுச்சேரிக்கு எதிரே கடலில் நின்றது. பயணிகள் படகில் வந்து ஊரைப் பார்த்துத் திரும்பினார்கள். புதுச்சேரிக்கு வந்த கப்பல் நாளைக்குக் கடலூருக்கும் வரலாம். வந்தால் எதைக் காட்டப்போகிறோம்?

மதீராக்காரர் தங்கள் மண்ணில் விளைந்த திராட்சையைக் காட்டுகிறார்கள். அது அவர்கள் தொழில். நாம் அதைப் பார்த்துப் புட்டியைத் திறந்தால், அது வெறும் குடி. புதுச்சேரி எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. குடிக்க நினைப்பவன் அங்கே போய்க் குடிப்பான். அதற்குப் பிச்சாவரம் எதற்கு?

இன்று பிச்சாவரத்துக்கு வருகிறவர்கள் யார்? பாட்டி வருகிறார். கைக்குழந்தையோடு தாய் வருகிறார். பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியரோடு வருகிறார்கள். படகுத் துறையில் நாலு பேர் தள்ளாடினால் இவர்கள் மறுபடியும் வருவார்களா? மாட்டார்கள். உடைந்த புட்டி சேற்றில் கிடந்தால், காலை வைத்து இறங்கி, கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களின் கதி என்ன? அவர்கள் பிழைப்பிலே அல்லவா கண்ணாடி குத்தும்?

<b>செய்யவேண்டியது என்ன?</b>

படகோட்டிகளுக்கும் இருளர் மக்களுக்கும் இந்தக் காடு உள்ளங்கை நெல்லிக்கனி. எந்த வாய்க்காலில் எப்போது நீர் ஏறும், எந்தப் பறவை எப்போது வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். கேட்டால் சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். அதை ஒழுங்காகச் சொல்லப் பழக்கவேண்டும்.

பழக்குவதற்கு வேறு ஊரிலிருந்து ஆள் வரவேண்டாம். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அங்கே இதைப் படித்தவர்கள் இருக்கிறார்கள். காட்டில் இதைப் பார்த்தவர்கள் படகில் இருக்கிறார்கள். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தால் போதும்.

ஒன்று மட்டும் மறக்கக்கூடாது. துடுப்புக்கு ஒரு கூலி என்றால், கதைக்கும் ஒரு கூலி தரவேண்டும். அறிவைச் சும்மா வாங்கிக்கொள்ளக்கூடாது. அந்த வேலையை இருளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கவேண்டும். பெண்களுக்கும் கொடுக்கவேண்டும். காட்டைக் காட்டிப் பிழைக்கிறவன் காட்டை வெட்ட விடமாட்டான்.

காலையில் தேவனாம்பட்டினம், வழியில் பரங்கிப்பேட்டை, பிற்பகலில் பிச்சாவரம், மாலையில் தில்லைக் கோவில் என்று ஒரே நாளில் காட்டி முடிக்கலாம். படகுக்கு இத்தனை பேர், நாளைக்கு இத்தனை படகு என்று கணக்கு வேண்டும். துறையிலேயே பையைப் பார்த்துப் புட்டியை வாங்கி வைத்துவிடவேண்டும்.

கடைசியில் வாய்க்கு ருசியாக ஏதாவது வேண்டாமா? வேண்டும்! பண்ருட்டி இந்த மாவட்டத்தில்தானே இருக்கிறது? பலாப்பழக் காலத்தில் இரண்டு பலாச்சுளை. மற்ற நாளில் ஒரு பிடி முந்திரிப்பருப்பு. சிதம்பரத்தில் கத்தரிக்காய்க் கொத்சு. மதீராவின் இரண்டு வாய் ஒயினுக்கு இவை எதில் குறைந்தவை?

இவ்வளவும் செய்தபிறகு அந்தச் சிறுவன் மறுபடியும் வரட்டும். "இது என்ன மரம்?" என்று கேட்கட்டும்.

"இதுதான் தம்பி, தில்லை. காலையிலே சாமி கும்பிட்டியே, அந்த ஊருக்குப் பெயர் வைச்ச மரம். தொடாதே, தள்ளி நின்னு பாரு" என்று படகோட்டி சொல்லட்டும்.

அவன் வளர்ந்த பிறகு, தன் பிள்ளையை அழைத்துக்கொண்டு வருவான். அப்போது அந்தப் பிள்ளை கேட்கும் கேள்விக்கு அவனே பதில் சொல்லுவான்.